தோளை உதைக்காத துப்பாக்கி

“முதல் இதைக் கேளுங்கோ, அண்ணை. சுடேக்கை தோளிலை உதைக்குமோ?”

மொழிபெயர்க்க இராசரத்தினம் தயங்கினார். மான் வேட்டைக்கென்று துப்பாக்கி வாங்க வந்த ஆம்பிளை இப்படிக் கேட்டால் கடைக்கார வெள்ளைக் கிழவன் என்ன நினைப்பான்? ஆனால் கேட்டவன் கிறிஸ்துநாயகம். தமிழ்ச் சனம் நெருங்கியிருக்கும் டோர்செட் பார்க் அடுக்குமாடிக் கட்டடங்களில் இப்போது அவனுக்கு இருக்கும் மதிப்புக்கு, அவன் கேட்டால் அதில் விஷயம் இருக்கும். கேட்டுவைத்தார்.

அந்த மதிப்பு கோடைகாலத்துப் பிக்னிக்கில் வந்தது. கிறிஸ்துநாயகத்துக்கும் மனைவி கிளடிஸுக்கும் கார் இருக்கை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அந்தத் தொழிற்சாலைப் பிக்னிக்கில் காற்றுத் துப்பாக்கியால் தகரப்பேணி சுடும் போட்டி வைத்தார்களாம். வருடாவருடம் வேட்டைக்குப் போகிற வெள்ளைக்காரரெல்லாம் தடுமாற, மன்னார் ஆளின் குறி ஒன்றுகூடத் தப்பவில்லையாம். இந்தச் செய்தி கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறைவழியாகப் பரவி இராசரத்தினத்தின் காதுக்கு வந்தபோது, கதையில் பேணிகளோடு சேர்த்து, வானத்தில் பறந்த காகம் ஒன்றும் விழுந்திருந்தது.

அதன் பலன்தான் இந்தத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நவம்பரில், தொழிற்சாலையில் வேலை வாங்கும் போர்மனிடமிருந்து வந்த அழைப்பு. திங்கட்கிழமை வடக்கே காட்டுக்குப் போகிறார்கள். அவரவர் துப்பாக்கி அவரவர் கொண்டுவரவேண்டும்.

“எங்கடை ஆக்களை அவையளுக்கு மெஷினடியிலை மட்டும்தான் தெரியும், அண்ணை. இப்பதான் முதல்முதல் ஒரு தமிழ் ஆளைக் கூப்பிட்டிருக்கினம். இதிலை கோட்டை விட்டால் இனிக் கூப்பிடமாட்டினம்” என்று காரில் வரும்போதே கிறிஸ்துநாயகம் சொல்லியிருந்தான். வருடத்தில் ஒரு கிழமை வேட்டைக்குப் பெருந்தொகை கொட்டவும் முடியாது. மலிவாகவும் வேண்டும், மானம் காக்கவும் வேண்டும்.

கிழவன் மூன்றை எடுத்து வைத்தான். முதலாவது புத்தம் புதிது, கண்ணைப் பறித்தது. இராசரத்தினமாக இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பார். கிறிஸ்துநாயகம் ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தான். நாள் முழுக்கக் காட்டுக்குள் சுமக்கிற பாரம் இல்லையாம் அது. இரண்டாவது மலிவுதான், ஆனால் கழுதை மாதிரி உதைக்கும் என்று கிழவனே ஒப்புக்கொண்டான்.

மூன்றாவது யாரோ பாவித்தது. தோளில் பதியும் மரக்கட்டை முழுக்கக் கீறல். குண்டு சிறிது, மானுக்குப் போதும், உதை குறைவு என்றான் கிழவன். கிறிஸ்துநாயகம் குண்டேற்றும் பூட்டைக் கழற்றச் சொல்லி, குழலை விளக்குக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தான். உள்ளே பளிங்காக இருந்தது.

“கீறல் வெளியிலைதானே, அண்ணை. மான் அதைப் பாக்காது.”

பிறகு சட்டைப்பையிலிருந்து இரண்டு முடிச்சுப் போட்ட நூல் ஒன்றை எடுத்தான். விசைக்கும் கட்டையின் பின்முனைக்கும் நடுவே பிடித்துப் பார்த்து, கட்டை ஓர் அங்குலம் கூடுதல் நீளம், வெட்டித்தர முடியுமா என்று கேட்கச் சொன்னான். முடியும் என்ற கிழவன், நூலையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தான்.

இராசரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டைக்கு நூலால் அளவெடுப்பார்கள், துப்பாக்கிக்கும் எடுப்பார்கள் என்பதை இன்றைக்குத்தான் கண்டார். இவ்வளவு தெரிந்தவன் ஒரு தடவையாவது துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சவடால் காட்டினானா? நிறைகுடம் தளம்பாது என்று சும்மாவா சொன்னார்கள்.

கிழவன் துப்பாக்கி வாங்கும் அனுமதியான பேர்மிற்றைக் கேட்டான்.

“கிளடிஸ் வேலை முடிஞ்சு கொண்டுவாறா” என்றான் கிறிஸ்துநாயகம்.

இராசரத்தினத்துக்குத் திக்கென்றது. மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கக்கூட அவருடைய மனைவி கமலாம்பிகை இன்னும் சம்மதிக்கவில்லை. இது துப்பாக்கி.

“தங்கச்சி இதுக்கு ஓம் எண்டவவோ?” என்று மெல்லக் கேட்டார்.

“அவ பாத்து ஓம் எண்டால்தான், அண்ணை. அவவுக்குப் பிடிக்காட்டி வைச்சிட்டுப் போகவேண்டியதுதான்.”

இவ்வளவு கெட்டிக்காரனும் வீட்டில் இந்தப் பாடுதானா என்று அவர் மனம் வெந்தது. ஒரு தமிழனுக்குக் கிடைத்த மரியாதை மனைவியின் ஒரு சொல்லால் போய்விடக் கூடாது. எப்படியாவது பேசி இணங்கவைப்பது என்று முடிவு கட்டினார்.

கதவைத் தள்ளிக்கொண்டு கிளடிஸ் வந்தாள். சின்ன உருவம், தோளில் சாப்பாட்டுப் பை, வேலைக் களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. இராசரத்தினம் முந்திக்கொண்டார்.

“பிள்ளை, கோவிக்கக் கூடாது. நீர் கட்டியிருக்கிறது லேசுப்பட்ட ஆளை இல்லை. ஒருக்காப் போயிட்டு வரட்டும், மறிக்காதையும்.”

கிளடிஸ் மரியாதையாகச் சிரித்தாள். பேர்மிற்றைக் கிழவனிடம் நீட்டினாள். சாப்பாட்டுப் பையைக் கழற்றிப் புருஷனின் கையில் கொடுத்தாள். துப்பாக்கியை எடுத்து, பூட்டைத் திறந்து உள்ளே குண்டு இல்லையென்று பார்த்து, ஆளில்லாத சுவர்ப்பக்கம் திரும்பித் தோளில் ஏற்றினாள். கட்டையில் கன்னம் பதிந்தது. குழல் ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. மேசையில் ஊன்றியிருந்த முழங்கையை எடுத்துவிட்டுக் கிழவன் நிமிர்ந்து நின்றான்.

“பாரமில்லை. கட்டையை வெட்டினால் சரி. எடுப்பம்” என்றாள்.

இராசரத்தினம் கிறிஸ்துநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார். சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி, மனைவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் அவன் சொன்னான்:

“போர்மன் கூப்பிட்டது இவவை, அண்ணை. நான் சமைச்சுத் தாறன் எண்டு கெஞ்சித்தான் கூடப் போறன்.”