மாப்பிள்ளையின் சட்டை

“மாப்பிள்ளை சட்டையைக் கழட்டணும்.”

மாப்பிள்ளை வீட்டாரிடம் வாயைத் திறந்து எதையும் கேட்டுவிடாதே என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்த நல்லம்மாள், மகளின் இடுப்பில் ஒரு கிள்ளு வைத்தாள். புஷ்பவல்லி அசையவில்லை. அந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். கிள்ளுக்கெல்லாம் அடங்குகிற வயது போய்விட்டது.

பின்னே என்ன? பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் காரில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா சீதாலெட்சுமி, புஷ்பவல்லியின் அப்பா சபாபதியின் முழங்கையில் வெள்ளையாய்ச் செதில் உதிர்வதைப் பார்த்ததும் காப்பியைத் தள்ளி வைத்துவிட்டாள்.

“பொண்ணு புடிச்சிருக்கு. ஆனா மணவறையில இவரு தாரை வார்க்க வேணாம் லா. சித்தப்பா யாராச்சும் செய்யட்டும். நாலு பேரு வர்ற எடம், ஒட்டிக்கும்.”

சபாபதி தலையாட்டினார். அதுதான் புஷ்பவல்லிக்குப் பொறுக்கவில்லை. தார்க் களிம்பு, வேப்பிலை, பத்தியம் என்று ஏமாந்து ஏமாந்து, மகள் தேடிப் படித்துக் கெஞ்சிய புது மருந்தையும் ‘எதுவும் கேட்காது’ என்று ஒதுக்கியவர், இந்த அவமானத்துக்கு மட்டும் உடனே சம்மதித்துவிட்டார்.

“இது ஒட்டாது ஆன்டி. ரத்தத்துல ஒரு வகை வெள்ளையணு, எதிரியே இல்லாம ‘ஆபத்து, ஆபத்து’ன்னு கூச்சல் போடுது. தோலு பயந்து அவசர அவசரமா வளர்ந்து உதிருது. அவ்வளவுதான்.”

“படிச்ச திமிரு! அதுக்கு என் மகன் எதுக்குச் சட்டையைக் கழட்டணும்?”

பேங்க் ஆபீசரான தியாகராஜன் குனிந்த தலை நிமிரவில்லை. டம்ளரைப் பிடித்த விரல்கள் நடுங்கின. நகமெல்லாம் ஊசியால் குத்தினாற்போலக் குழி. பையனுக்குக் கூச்சம் என்று அம்மாக்காரி வந்ததும் பெருமை பேசியிருந்தாள்.

“காட்டுடா தியாகு! ஒரு கரும்புள்ளி இருக்கான்னு பாக்கட்டும்.”

அவன் தயங்கித் தயங்கிப் பொத்தானை அவிழ்த்தான். புஷ்பவல்லி அவனை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பச் சொன்னாள். முழங்கை, முதுகு, ஒன்றையும் விடவில்லை. திட்டுத் திட்டாக நிறம் வெளுத்திருந்தது. செதில் ஒன்றுகூட இல்லை.

“பாத்தியா? தங்கம்!” என்றாள் சீதாலெட்சுமி.

“சைக்ளோஸ்போரின் எப்பலேருந்து சாப்பிடுறீங்க?”

தியாகராஜனின் முகம் செத்துப்போயிற்று. “தீபாவளிலேருந்து... உங்களுக்கு யாரு சொன்னா?”

“உங்க நகமும் எங்கப்பா நகமும் ஒண்ணு. முதுகுல வெளுத்திருக்கறது செதில் ஆறுன எடம். நடுக்கம் அந்த மருந்தோடது. வெள்ளையணு கூச்சல் போடுற எடத்துலயே போய் அடக்குற மருந்து. டாக்டரு ரத்தம் எடுத்து கிட்னியைப் பாக்குறாரா?”

“மாசாமாசம்.”

“எந்த கிளினிக்?”

“செலாயாங்ல, பாசார் சந்தைக்கு எதிர்ல. ஆறு மணி வரைக்கும் இருப்பாரு.”

புஷ்பவல்லி சீதாலெட்சுமியிடம் திரும்பினாள். “ஏன் ஆன்டி, மணவறையில மாப்பிள்ளைக்குப் பதிலாவும் ஒரு சித்தப்பாவ உக்கார வெச்சுடலாமா?”

அந்த அம்மாளின் குரல் ஒரேயடியாக இறங்கி வந்தது. “அதான் கொணமாயிடுச்சேம்மா! சரி, தாரையை உங்கப்பாவே வார்க்கட்டும். இப்ப சம்மதந்தானே?”

சபாபதி, தியாகராஜனின் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். புஷ்பவல்லி அவர் கையைப் பிடித்து எழுப்பி, வாசலுக்கு அழைத்துப் போய்ச் செருப்பை எடுத்துப் போட்டாள். படி இறங்கும்போதுதான் பதில் சொன்னாள்.

“உங்க பையன் வேணாம் ஆன்டி. எங்கப்பாவுக்கு அவரோட டாக்டரு போதும்.”