இடது பின்கதவு

மூடிப்போன கம்பெனிகளின் கார்களுக்கென்று அமெரிக்காவின் டொலீடோ நகரில் வருடந்தோறும் நடக்கும் போட்டி அது. இந்த முறையும் கோப்பை வராவிட்டால் காரை விற்றுவிட வேண்டியதுதான் என்று வெண்டலிடம் அவன் மனைவி லோரெய்ன் கறாராகச் சொல்லியிருந்தாள்.

நடுவர் கஸிமிர் அவனுடைய 1955 ஹால்பர்ட் காரை அரை மணி நேரம் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். கடைசியாக இடது பின்கதவைத் திறந்து மூடினார். சத்தமே வரவில்லை.

"பத்து மார்க் போச்சு தம்பி."

"ஏன் சார்?"

"ஹால்பர்ட்னா இந்தக் கதவு கடகடன்னு ஆடணும். கம்பெனியிலேருந்து வந்த மாதிரியே இருந்தாத்தான் முழு மார்க்."

"அந்த ஆட்டத்தை நிறுத்த ரெண்டு வருஷம் பாடுபட்டிருக்கேன் சார்!"

"பாடுபட்டுக் கெடுத்திருக்கே. அங்க ஆர்லோ கொண்டுவந்திருக்கிற ஹால்பர்ட்டப் பாரு. மூடினா தகர டப்பா உருள்ற மாதிரி சத்தம். அதான் அசல்!"

நேற்றுவரை கோழிகள் அடைந்து கிடந்த ஆர்லோவின் வண்டிக்கே கோப்பை போனது.

வெண்டலுக்குப் பொறுக்கவில்லை. "இதனால என் வண்டியே கைவிட்டுப் போகப்போகுது சார். எல்லா ஹால்பர்ட்லயும் இந்தக் கதவு ஆடிச்சுன்னு எந்தப் புத்தகத்துல இருக்கு? உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

கஸிமிர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"கம்பெனியை இழுத்து மூடுற வரைக்கும், பதினோரு வருஷம், இடது பின்கதவு மாட்டினது நான்தான்."

மறுபடி ஒருமுறை கதவை மெல்லத் திறந்து மூடினார்.

"இதை ஆடாம மாட்ட முடியும்னு இன்னிக்குத்தாம்ப்பா தெரியுது."