மஞ்சள் வளையம்

பட்டனை அழுத்தினால் உள்ளேயிருக்கும் தண்ணீர் பொங்கி, பிளாஸ்டிக் வளையங்கள் எழும்பிப் போய்க் குச்சியில் மாட்டும். உள்ளங்கையளவு விளையாட்டுச் சாமான். ஜெசிந்தாவும் பூங்கோதையும் ஆளுக்கொரு வளையமாக மாறி மாறி ஆடுவார்கள். ஐந்தாம் வகுப்பின் கடைசி நாளில் நான்கு மாட்டி, மஞ்சள் மட்டும் மிச்சமிருந்தபோது மணியடித்துவிட்டது. "பாதி ஆட்டம், சாய்ச்சிராதடி" என்று பூங்கோதையின் கையில் வைத்துவிட்டு ஜெசிந்தா ஓடினாள். அந்த லீவிலேயே அவள் அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டது.

பூங்கோதை சாய்க்கவில்லை. மூன்று முறை வீடு மாறியபோதும் லாரியில் அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டுதான் போனாள். முதலில் கேலி செய்த கணவரும் பிறகு அலமாரியைத் துடைக்கும்போது அதைத் தொடாமல் சுற்றித் துடைக்கப் பழகிக்கொண்டார். தண்ணீர்தான் பாதிக்கு வற்றியிருந்தது.

முப்பத்திரண்டு வருடம் கழித்து, மகளின் கல்யாணப் பத்திரிகையோடு ஜெசிந்தா வந்தாள். காப்பிகூடக் கொடுக்காமல் பூங்கோதை அதை இரண்டு கையாலும் ஏந்திவந்து நீட்டினாள்.

"உன் முறைடி. ஆடு."

ஜெசிந்தா வாங்கவில்லை.

"நாலாவது நான் மாட்டினது. அஞ்சாவது உன்னோடதுன்னுதானே கையில கொடுத்துட்டு ஓடினேன்."

பூங்கோதையின் கட்டைவிரல் பட்டன்மேல் வந்து நின்றது. இருவரும் அடியில் கிடந்த மஞ்சள் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.