சாகாத இருமல்

மெஷின் இருமியது.

லேசாக இல்லை. நெஞ்சு குலுங்குகிற இருமல். இருமி முடித்ததும், "மூணு தரம்! அகிலாண்டம், கூடையைத் தூக்கு" என்றது.

நெடுஞ்செழியன் குதித்தார். ஐஸ் லாரியோடு வந்து மீன் எடுக்கிற வியாபாரி அவர்.

"நான் விலையை ஏத்திக் கத்திக்கிட்டே இருக்கேன். இது பாட்டுக்கு இருமிட்டு மூணு தரம்னா என்ன நியாயம்? மெஷினுக்கு ஆஸ்துமாவா?"

தரங்கம்பாடிக் கரையே சிரித்தது. பூமிகாவுக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது. மெஷின் அவள் செய்தது. அதில் கேட்பது அவள் அம்மா ஜெயாவின் குரல்.

முப்பது வருஷமாக இந்தக் கரையில் மீன் ஏலம் விட்டவள் ஜெயா. போன மாதம் தொண்டையில் ஆபரேஷன். இனிமேல் கத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூமிகாவுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஆபரேஷனுக்கு முந்தைய மூன்று மாத ஏலத்தையும் அம்மாவின் போனிலேயே பிடித்து வைக்கச் சொல்லியிருந்தாள். அதை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். யார் கேட்டால் ஜெயா எப்படிப் பதில் சொல்வாள் என்பதை அதுவே கற்றுக்கொண்டது.

"இனிமே உன் குரலுக்குச் சாவே கிடையாதும்மா. நூறு வருஷம் கழிச்சும் இந்தக் கரையில கூவும்" என்றாள் அன்றைக்கு.

"எவளோ வாங்கப்போற மத்திக்கு நான் செத்தப்புறமும் கத்தணுமாடி? ஆள் போனா குரலும் போயிடணும். அதான் மரியாதை."

"நல்லது நிலைச்சு நிக்கட்டுமே."

"நிக்கும். கூடவே கெட்டதும் நிக்கும், பாத்துக்க."

இன்றைக்குத்தான் வெள்ளோட்டம். அதுவும் அய்யாவு படகு மீனில். கரையிலேயே கறாரான ஆள் அய்யாவு. ஒரு கிழங்கான் மீனைக்கூட ஓசியில் விட்டவர் இல்லை. அவர் வேண்டாம் என்றால் மற்ற படகுக்காரர்களும் வேண்டாம் என்பார்கள். அம்மாவின் குரல் இன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"சும்மா கத்தாதேய்யா. அகிலாண்டத்துக்கு விழுந்தாச்சு. அடுத்த கூடையைப் போடு" என்றார் அய்யாவு. பூமிகா பக்கம் திரும்பி, "சாயங்காலம் வந்து என்னைப் பாரு" என்றார். சிரிக்கவில்லை.

பூமிகா வீட்டுக்கு ஓடிவந்து பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டாள்.

அம்மா இருமும்போது யாரும் விலை ஏற்றவில்லை. பொம்பளை பாவம், மூச்சு வாங்குகிறாள் என்று வாயை மூடிக்கொண்டார்கள். இருமல் நின்றதும் உடனே மூணு தரம். மூன்று மாதத்தில் அறுபது இருமல். அறுபது தடவையும் கடைசியாக விலை கேட்டவள், தெருத் தெருவாகக் கூடையில் மீன் விற்கிற அகிலாண்டம். அறுபதும் அய்யாவு படகு மீன்.

வேறு யாருக்கும் அம்மா ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை.

"அம்மா! இது வியாதி இல்லை. திருட்டு!"

ஜெயா டீயை ஆற்றிக்கொண்டே கிசுகிசுத்தாள். "நான்தான் சொன்னேனே, கெட்டதும் நிக்கும்னு."

"அய்யாவு மாமாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவாரு."

"போய்ச் சொல்லேன்." ஜெயாவுக்குச் சிரிப்பு பொங்கியது. சிரிக்கக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அய்யாவு தன் படகின் நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பூமிகா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. உங்க மீனை அம்மா இத்தனை நாளா அகிலாண்டம் அக்காவுக்கு மட்டமான விலைக்குத் தள்ளிவிட்டிருக்காங்க. ராத்திரிக்குள்ள இருமலை எடுத்துடறேன்."

"எடுத்துப் பாரு. மெஷினைத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன்."

பூமிகா விழித்தாள்.

"அகிலாண்டம் புருஷன் என் படகுல போனவன். திரும்பி வரலை. ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய் அவ வீட்டுல வெச்சேன். தலையில சுமந்துக்கிட்டு வந்து என் வாசல்லயே இறக்கிட்டுப் போயிட்டா. சும்மா குடுத்தா தொட மாட்டா. ஏலத்துல எடுத்தா அது அவ சாமர்த்தியம். பொறையாறு தெருவெல்லாம் தலை நிமிந்து வித்துட்டு வருவா."

"நெடுஞ்செழியன் அண்ணன் சண்டைக்கு வருவாரே?"

"அவன்கிட்ட லாரி இருக்கு. தாங்குவான்." அய்யாவு வலையை உதறினார். "நானும் உங்கம்மாவும் இன்னும் எத்தனை நாளைக்கு? அதுக்குச் சாவே இல்லைன்னு உங்கம்மாகிட்டச் சொன்னியாமே, இருமிட்டுப் போகட்டும். நாளைக்கும் என் படகு மீனுக்கு அதையே கொண்டா."

பூமிகாவுக்கு மூச்சு வந்தது.

"அப்ப, அம்மா பொய்யா இருமினது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

"தெரியுமாவாம்! உங்கம்மாவுக்கு இருமவே வரலை. இதே படகடியில மூணு நாள் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."