எலெனி தீட்டிய மாதா

எலெனியின் மூச்சு நின்றதும் மாதா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. சாவு விழுந்த இடத்தில் சாமிப் படம் பார்த்தபடி இருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் பழகிய கை, சுவிஸின் கூர் நகர முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடம் வேலை செய்தும் திருந்தவில்லை.

எலெனி ஐம்பது வருடம் கிரேக்கத் தேவாலயங்களுக்குப் படம் தீட்டியவர். மரப்பலகையில் தங்கத் தாள் ஒட்டி, முட்டை மஞ்சட்கருவில் நிறம் குழைத்து, முகத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் தீட்டுவாராம். தனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒரு மாதாவையும் குழந்தையையும்தான். பள்ளிக்கூடக் கொப்பி அளவுப் பலகை.

தலை சீவி விடும்போதெல்லாம் ஒன்றையே சொல்லுவார். போகும்போது அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். நானும் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

ஜன்னலைத் திறக்கப் போனேன்.

பின்னால் ஒரு மூச்சு கேட்டது.

எலெனி கண் திறந்திருந்தார். கட்டிலுக்கு எதிரே மாதா இருந்த சுவர்த்தட்டை அந்தக் கண்கள் தேடின. அங்கே வெறும் பலகையின் முதுகுதான் இருந்தது.

பாவி நான். கடைசி நேரத்தில் மூச்சு நின்று நின்று வரும், அவசரப்படாதே என்று புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

பாய்ந்து போய்ப் பலகையை இரண்டு கையாலும் பிரட்டி வைத்துவிட்டு, ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எலெனியின் நெற்றி சுருங்கியது. தலையை ஒரு பக்கம் சாய்க்கப் பார்த்தார். முடியவில்லை. நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அந்த மூச்சும் போனது. இந்தமுறை மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து நிமிடம் இருந்தேன்.

கதவால் தலையை நீட்டியவள் கூட வேலை செய்யும் யதுஷா. “அக்கா, மகள் வந்திட்டா. லிஃப்டில ஏறுறா.”

சூரிச்சிலிருந்து ரயிலில் வந்த இரினி, கோட்டைக்கூடக் கழற்றாமல் தாயின் கண்களை மூடிவிட்டார்.

“அம்மா மாதாவைப் பார்த்துக்கொண்டுதானே போனார்?”

கடைசிவரை பார்த்தார் என்றேன். பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரினி என் கையை அழுத்தினார். படத்தை முத்தமிடத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன்.

மாதா தலைகீழாக நின்றிருந்தாள்.