அவன் காத்திருந்தானா?

“நாவலோட முதல் பாகத்துலயே அந்தக் கதாநாயகிக்குத் திமிரு. ரெண்டாம் பாகத்துல கேக்கவே வேணாம். காதலனோட கிரகத்துக்குக் கிளம்பினவ, வழியில வம்பை விலைக்கு வாங்கிச் சிறையில மாட்டிக்கிட்டா” என்றாள் அக்கா, சாப்பாட்டுத் தட்டை நீட்டியபடி.

“பிடிவாதம் இல்லேன்னா அவ அவளே இல்லைக்கா” என்றாள் தையல்காரி. “ஆனா கடைசி அத்தியாயத்தைக் காணோமே. அத்தனை வருஷமும் அவன் காத்திருந்தானா? மூணு நாளாத் தூக்கமே இல்லை.”

அக்கா அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் தட்டுக்கு அடியில், கையால் எழுதிய நாலு தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

“அந்த அத்தியாயத்தைக் கிழிச்சதே நான்தான்” என்று கிசுகிசுத்தாள் அக்கா. “தப்பிச்சுப் போற கதையை இங்கே கைதிங்ககிட்ட கொடுக்கக் கூடாதுன்னு விதி. அதனால அவ தப்பிச்சதை விட்டுட்டேன். அவன் காத்திருந்ததை மட்டும் எழுதியிருக்கேன்.”

காக்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கம்பிக் கதவின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.