பத்தே நிமிஷம்

“பத்தே நிமிஷம்தான் அம்மிணி! பதினொண்ணு ஆனாக்கூட என் வாழ்க்கை முடிஞ்சுதுங்க!”

மூச்சிரைக்க வந்த இளவழகன், கையிலிருந்த டேப்லெட்டை மேசைமேல் வைத்தான். நாமக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினிக் கடை நடத்தும் அறிவுச்செல்வி பதறி எழுந்தாள்.

“ஆருக்கு என்னாச்சுங்ணா? எந்த ஆஸ்பத்திரிக்குப் போகோணும்?”

“ஆஸ்பத்திரி இல்லீங்க. பொண்ணு ஊடு.”

பெண், நாமக்கல். மாப்பிள்ளை, சேந்தமங்கலம் தாண்டிக் கொல்லிமலை அடிவாரம். ஆறு ஏக்கர் மரவள்ளி, வயது முப்பத்தாறு. இதுவரை ஒன்பது வீட்டில் ‘விவசாயிக்கு இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள்.

பத்தாவது வீட்டில் பெண்ணின் அம்மா கமலவேணி நிபந்தனை ஒன்று போட்டிருந்தார். மகள் வாழப்போகும் வீடு தன் வீட்டிலிருந்து பத்து நிமிஷத் தூரத்தில் இருக்க வேண்டும். ‘இருக்குதுங்க’ என்று தரகரிடம் சொல்லிவிட்டான் இளவழகன். நாளைக்கு அதை நிரூபிக்க வேண்டும்.

“மரவள்ளி சிப்ஸ் இல்லாம ஒருத்தருக்கும் டீ எறங்காது. மரவள்ளி போடறவனுக்கு மட்டும் பொண்ணு கிடையாது!” என்று பொருமினான். “வழி காட்டற சாஃப்ட்வேர் ஏத்திக் குடுங்க. எங்க ஊர்ல டவரே எடுக்காது. நெட் இல்லாம ஓடறதாப் போடுங்க.”

அறிவுச்செல்வி டேப்பைக் கணினியோடு இணைத்தாள். முதலில் மென்பொருள் ஏறியது. அடுத்து, தமிழ்நாட்டின் வரைபடம் முழுவதும் மெதுவாக இறங்கியது.

“இதுக்கு டவர் வேண்டாமுங்ணா. சேட்டிலைட் மணி சொல்லும், தான் எங்க இருக்கறேன்னும் சொல்லும், அவ்வளவுதான். நாலு சேட்டிலைட் சொல்றதைக் கேட்டு, நாம நிக்கற எடத்தை இந்த டேப்பே கணக்குப் போட்டுக்கும்.”

“அப்ப எங்க ஊட்டுக்குப் போற ரோடு?”

“அது நான் ஏத்துன மேப்புல இருக்குது. சேட்டிலைட்டுக்கு உங்க ஊடும் தெரியாது, உங்க கஷ்டமும் தெரியாது.”

கூரைக்கு அடியில் சிக்னல் சரியாக வராது என்று அவனைத் தெருவுக்கு அழைத்துப் போனாள். டேப்பை வானத்துக்குக் காட்டியதும் திரையில் நான்கு கோடுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. பெண் வீட்டிலிருந்து அவன் வீட்டுக்கு வழி போட்டாள்: முப்பத்திரண்டு கிலோமீட்டர், நாற்பத்தெட்டு நிமிடம்.

இளவழகன் முகம் சுருங்கியது. “இது எதை வெச்சுச் சொல்லுது?”

கேட்டுவிட்டால் போதுமே, அறிவுச்செல்விக்கு விளக்கிச் சொல்லாமல் இருக்க முடியாது. “வண்டிங்கற பக்கத்துல சராசரி வேகம் நாப்பதுன்னு இருக்குது பாருங்க. தூரத்தை அதால வகுத்தா நேரம் வந்துருது.”

“அந்த நாப்பதை மாத்தலாமுங்களா?”

“மாத்தலாம். ஆனா...”

அவள் முடிப்பதற்குள் அவன் விரல் ஓடியது. அறுபது, நூறு, நூற்றைம்பது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் திரை பத்து நிமிடம் என்றது. கிலோமீட்டர் காட்டும் வரியையும் தேடிப் பிடித்து மறைத்தான்.

“ஏனுங்ணா, நீங்க வெச்சிருக்கறது மொபெட்டா, ராக்கெட்டா?”

“கல்யாணம் ஆகட்டுங்க. அப்புறம் மெதுவாப் போய்க்கலாம்.”

மறுநாள் காலை, கமலவேணி வீட்டுக் கூடம். இளவழகன் பெண்ணைப் பார்த்துக் கேட்டான். “என்ன படிச்சிருக்கீங்க?”

“எம்.காம். முடிச்சிருக்கறா” என்றார் கமலவேணி.

“சமையல் வருமுங்களா?”

“நான் பக்கத்துல நின்னாப் பிரமாதமாச் செய்வா.”

பெண் நிலா நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அங்க போன் டவரே கிடைக்காதாமே, நெசமுங்களா?”

இந்தக் குழியில் விழக்கூடாது என்று இளவழகன் உஷாரானான். “ஆருங்க சொன்னது? ஃபுல்லு டவர்! மாட்டுக் கொட்டாயில நின்னுக்கிட்டு வீடியோ கால் பேசலாம்!”

நிலா தலையைக் குனிந்துகொண்டாள். என்ன அடக்கம் என்று நினைத்தான் இளவழகன்.

பிறகு டேப்பை எடுத்தான். “நான் சொன்னா நம்ப வேண்டாமுங்க. சேட்டிலைட் சொல்லட்டும்.”

‘சேட்டிலைட்’ என்ற சொல் கேட்டதும் கமலவேணியின் கண்ணாடி மூக்குக்கு ஏறியது. பொத்தானைத் தொட்டான். “நீங்கள் சேருமிடத்துக்குப் பத்து நிமிடங்கள் உள்ளன” என்றது இனிமையான குரல்.

“மேல இருந்து பாக்கறது பொய் சொல்லுமா!” கமலவேணிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “எனக்குப் பரிபூரண சம்மதமுங்க மாப்பிள்ளை. ரெண்டு பேரும் மாடியில போய்ப் பேசிட்டு வாங்க.”

மாடியில் நிலா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“மன்னிச்சுக்கங்க. எனக்கு இதுல சம்மதமில்லீங்க.”

இளவழகன் டேப்பைத் தூக்கிக் காட்டினான். “ஏனுங்க? பத்தே நிமிஷமுங்க! டவரும் இருக்குது!”

“நிலா! வெயில்ல நிக்காத கண்ணு, நெழலுக்கு வா!” என்று கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

நிலா கண்களை மூடித் திறந்தாள்.

“மலையடிவாரம்னு சொன்னதாலதானுங்க நானே சரின்னேன். பத்து நிமிஷம்னா எங்கம்மா தெனமும் வந்துருமுங்களே!”